செய்யாத குற்றத்துக்கு ஒரு மன்னிப்பு

பிரான்சின் கிழக்கே, வோழ் மலைப்பகுதியில் ஓடும் சிற்றாறு வொலோன். 1984 அக்டோபர் 16ஆம் தேதி இரவு ஒன்பதேகால் மணிக்கு, தொசெல் என்ற ஊரருகே, அந்த ஆற்றுத் தடுப்பில் ஒதுங்கிக் கிடந்த ஒரு சிறுவனின் உடலை வெளியே எடுத்தார்கள். கைகளும் கால்களும் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. தலையிலிருந்த கம்பளிக் குல்லாய் முகத்தை மூடும்படி கீழே இழுத்துவிடப்பட்டிருந்தது. பெயர் கிரெகொரி வில்மன். நாலு வயது முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அன்று மாலை அம்மா கிறிஸ்தீன் தையல் ஆலையில் வேலை முடிந்து, பிள்ளையை ஆயா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு லெபான்ழ் கிராமத்தில் மலைச்சரிவில் இருந்த தங்கள் புது வீட்டுக்கு வந்திருந்தார். பிள்ளை வாசலில் கொட்டிக் கிடந்த சரளைக் குவியலில் விளையாடியது. உள்ளே அவர் வானொலியைப் போட்டுக்கொண்டு துணிகளுக்கு இஸ்திரி போட்டார். சற்று நேரத்தில் வெளியே வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. ஐந்தரை மணிக்குப் பிள்ளையின் பெரியப்பா சித்தப்பாக்களில் ஒருவர் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பழி தீர்த்துவிட்டேன், ‘தலைவனின்’ மகனை எடுத்துக்கொண்டுபோய் ஆற்றில் போட்டுவிட்டேன் என்றது ஒரு குரல். மறுநாள் அப்பா ழான்-மரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. உன் பணம் உன் மகனைத் திருப்பித் தராது, துக்கத்திலேயே சாவாய் என்ற பொருளில் இரண்டு மூன்று வரிகள். பிள்ளை காணாமல் போன அதே மாலையில் அதே ஊர் அஞ்சலகத்தில் முத்திரை குத்தப்பட்ட கடிதம்.

‘தலைவன்’ என்பது ழான்-மரியைக் கேலி செய்யும் சொல். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. கார் இருக்கைகள் செய்யும் ஓர் ஆலையில் மேற்பார்வையாளராக உயர்ந்திருந்தார். தாத்தாவும் மாமாக்களும் சித்தப்பாக்களும் நூற்பாலையிலும் நெசவாலையிலும் ஆயுளைக் கழித்த குடும்பத்தில் ஒருவன் ஒரு படி மேலே ஏறி, மலைச்சரிவில் சொந்த வீடு கட்டி, வாசலில் நல்ல காரும் நிறுத்திவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது. 1981 முதல் 1983 வரை அந்தக் குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கில் அநாமதேய அழைப்புகளும் மொட்டைக் கடிதங்களும் வந்தன. எழுதியவருக்குக் குடும்ப ரகசியங்கள் எல்லாம் தெரிந்திருந்தன. யார் யாரிடம் பேசுவதில்லை, யாருக்கு எந்தப் பிள்ளைமேல் பாசம், எந்தக் கல்யாணத்தில் யார் அவமானப்பட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்த கை அது. மொட்டைக் கடிதம் எழுதுபவரை பிரெஞ்சுக்காரர்கள் காகம் என்பார்கள். இயக்குநர் க்ளூஸோ 1943இல் எடுத்த திரைப்படம் நிலைநிறுத்திய பெயர். அந்தக் காகம் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இந்த வழக்கைப் பற்றி பிரான்சில் எழுதப்பட்ட புத்தகங்களை மட்டும் அடுக்கினால் ஓர் அலமாரி போதாது. நான் எழுத நினைப்பது கொன்றவர் யார் என்பதைப் பற்றியல்ல. கொன்றவரைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் செய்தவற்றைப் பற்றியும், அவர்கள் விட்டுவைத்த வெற்றிடத்துக்குள் எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்த விதத்தைப் பற்றியும். இரண்டாவது எனக்கு அதிகம் வலிக்கிறது. வலிப்பதற்குக் காரணம், வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் மார்கெரித் துராஸ்.

முதலில் விசாரணை. பிரான்சில் கொலை வழக்கின் புலன்விசாரணையை நடத்துபவர் விசாரணை நீதிபதி. காவலர்கள் அவர் கையின் கருவிகள். யாரைப் பிடிப்பது, யாரை விடுவது, எந்தத் தடயத்தை எந்த நிபுணருக்கு அனுப்புவது எல்லாம் அவர் எழுத்தில் உத்தரவிட வேண்டியவை. எப்பினால் நகரில் இந்த வழக்கு விழுந்தது ழான்-மிஷேல் லம்பேர் என்ற முப்பத்திரண்டு வயது நீதிபதியின் மேசையில். அதுதான் அவருடைய முதல் பணியிடம். அதே மேசையில் வேறு நூற்றுக்கணக்கான கோப்புகளும் இருந்தன. பத்திரிகைகள் அவரைச் ‘சின்ன நீதிபதி’ என்றழைத்தன. பின்னாளில் அவரே அந்தப் பெயரில் ஒரு புத்தகம் எழுதினார்.

பிழைகள் முதல் நாளே தொடங்கின. பிரேதப் பரிசோதனை அரைகுறையாக நடந்தது. எடுத்து வைத்திருக்க வேண்டிய உள்ளுறுப்பு மாதிரிகள் முழுமையாக எடுக்கப்படவில்லை. பிள்ளை வொலோன் ஆற்று நீரிலேயே மூழ்கி இறந்தானா, வேறெங்காவது இறந்தபின் ஆற்றில் இடப்பட்டானா என்ற அடிப்படைக் கேள்வியே அதனால் பிற்பாடு பெரும் சச்சரவாக வளர்ந்தது. உறவினர்களை வரிசையாக உட்கார வைத்துச் சொல்வதெழுதச் செய்து கையெழுத்தை ஒப்பிட்டார்கள். நிபுணர்களின் பார்வை ழான்-மரியின் உறவுச் சகோதரர் பெர்னார் லரோஷ் என்பவரின்மேல் போய் நின்றது. ஆனால் அந்த நிபுணர்களை நியமித்த முறையில் சட்ட ஒழுங்கு தவறியிருந்ததால் அறிக்கைகள் பின்னர் செல்லாதவையாயின. உள்ளே எழுதியிருந்தது சரியா தவறா என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் அவை இல்லாமலே போயின.

நவம்பர் 2ஆம் தேதி லரோஷின் மைத்துனி, பதினைந்து வயதுப் பெண், துணைராணுவக் காவலர்களிடம் வாக்குமூலம் தந்தாள். அன்று மாலை அத்தானின் காரில் தான் இருந்ததாகவும், அவர் ஒரு சிறுவனை ஏற்றியதாகவும், பிறகு இறக்கிக்கொண்டு போனவர் தனியாகத் திரும்பி வந்ததாகவும். வழக்கில் நேரடியாகக் கிடைத்த ஒரே சாட்சியம் அதுதான். வார இறுதி கடந்து, திங்கட்கிழமை 5ஆம் தேதி, நீதிபதி முன்னும் அதையே சொன்னாள். லரோஷ் கைதானார். நீதிபதி அந்தச் செய்தியைக் கேமராக்கள் முன்னால் சொன்னார். சாட்சி சொன்ன பெண்ணை அன்றிரவு அவள் வீட்டுக்கே அனுப்பி வைத்தார். அவள் யாருக்கு எதிராகச் சாட்சி சொன்னாளோ அவருடைய மனைவிதான் அவளுடைய அக்கா. மறுநாள், நவம்பர் 6ஆம் தேதி, அவள் எல்லாவற்றையும் மறுத்தாள். காவலர்கள் மிரட்டிச் சொல்லவைத்தார்கள் என்றாள். இன்றுவரை அந்த மறுப்பிலேயே நிற்கிறார்.

இந்த இடத்தைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண் முதலில் சொன்னது உண்மையா, பிறகு சொன்னது உண்மையா என்று நாற்பது ஆண்டுகளாகப் பிரான்ஸ் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து வாதாடுகிறது. இரு கட்சிக்காரர்களும் பார்க்கத் தவறியது, அவள் அப்போது ஒரு பிள்ளை என்பதை. வழக்கறிஞர் இல்லை. பெற்றோர் பக்கத்தில் இல்லை. பேசாமலிருக்க உனக்கு உரிமை உண்டு என்று சொல்லவும் ஆள் இல்லை. அக்காலச் சட்டம் அப்படித்தான் இருந்தது. 2018 நவம்பரில்தான் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம், சிறுவர்களைக் காவலில் வைப்பது குறித்த அந்தப் பழைய சட்டவிதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சொன்னது. ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் வாயிலிருந்து வழக்கு முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகு அவளைப் பாதுகாப்பான ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. அவள் சொன்னது உண்மையானால் அவளைக் காக்கத் தவறினார்கள். பொய்யானால், அந்தப் பொய்யிலிருந்தும் அவளைக் காக்கத் தவறினார்கள். கொல்லப்பட்ட பிள்ளைக்கு அடுத்தபடியாக இந்த வழக்கில் கைவிடப்பட்ட பிள்ளை அவள்தான் என்று நினைக்கிறேன்.

லரோஷ் 1985 பிப்ரவரி 4ஆம் தேதி, அரசுத் தரப்பின் எதிர்ப்பை மீறி, விடுவிக்கப்பட்டார். துணைராணுவக் காவலர்களிடமிருந்து வழக்கைப் பிடுங்கி நான்சி நகரக் குற்றப்பிரிவுப் போலீசாரிடம் கொடுத்தார் நீதிபதி. புதிதாக வந்தவர்கள் பழையவர்கள் சேர்த்ததையெல்லாம் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மகனை இழந்த தகப்பனுக்கோ லரோஷ்தான் கொலைகாரன் என்பதில் ஐயமே இல்லை. அவனைக் கொல்வேன் என்று அவர் சொன்னது பலர் காதிலும் விழுந்திருந்தது. மார்ச் 29ஆம் தேதி, லரோஷின் வீட்டு வாசலில், அவர் மனைவியின் கண்ணெதிரே, ழான்-மரி துப்பாக்கியால் சுட்டார். லரோஷ் செத்து விழுந்தார். அவருக்கும் கிரெகொரி வயதில் ஒரு மகன் இருந்தான். மனைவி கர்ப்பமாக இருந்தார்.

லரோஷ்மீதான வழக்கு இதோடு முடிந்தது. இறந்தவரை விசாரிக்கச் சட்டமில்லை. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் அவரைச் சொன்னதில்லை. சட்டப்படி அவர் நிரபராதியாக இறந்த மனிதர். இதை எழுதும் எவரும் இந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டு மேலே போகக் கூடாது.

பத்திரிகைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மரணத்தைச் சொல்லி முடிக்க முடியாது. அக்டோபர் 20ஆம் தேதி அடக்கத்தின்போதே கல்லறைத் தோட்டத்தில் புகைப்படக்காரர்கள் மொய்த்தார்கள். அழுது துவண்ட தாயின் முகம் நாடு முழுக்க அச்சானது. பிறகு மாதக்கணக்கில் நிருபர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் விடுதிகளிலேயே குடியிருந்தார்கள். ஒரு வானொலி நிருபரும் அவர் மனைவியும் வெவ்வேறு பெயர்களில் பல ஏடுகளுக்கு ஒரே நேரத்தில் எழுதினார்கள். நாலைந்து பத்திரிகைகளை வாங்கிப் படித்து, எல்லாருமே தாயைத்தானே சந்தேகிக்கிறார்கள் என்று நினைத்த வாசகர், உண்மையில் ஒரே வீட்டு மேசையில் எழுதப்பட்டதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வானொலிக்காக வேலை செய்த இளம் நிருபர் லொரான்ஸ் லக்கூர், பின்னர் அந்தத் தொழிலின் நடத்தையையே ஆராய்ந்து ஒரு பெரும் புத்தகம் எழுதினார். 1993இல் வந்தது. குற்றமற்றவர்களை எரித்த சிதை என்று பொருள்படும் தலைப்பு. தகவல் வேட்டை எப்படித் தரப்பு எடுப்பதாக மாறியது, நிருபர்கள் எப்படி வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் கூட்டாளிகளானார்கள், ஒரு தகப்பனின் வெறியை எப்படிப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையெல்லாம், தன்னையும் அந்தக் கூட்டத்தில் வைத்தே அவர் எழுதினார். இந்த வழக்கைப் பற்றி ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் அதைத்தான் சொல்வேன்.

லரோஷ் இறந்தபின் பார்வை தாய்மேல் திரும்பியது. பிள்ளை காணாமல் போன நாளில் அஞ்சலகத்தில் அவரைப் பார்த்ததாக உடன் வேலை செய்த பெண்கள் சிலர் சொன்னார்கள். தான் போனது அதற்கு முந்தைய நாள் என்றார் அவர். மாதங்கள் கழித்து வீட்டைச் சோதித்தபோது, பிள்ளையைக் கட்டியதைப் போன்ற கயிறு கிடைத்தது என்றார்கள். முன்பு லரோஷின் கையெழுத்தைச் சொன்ன நிபுணத்துவம் இப்போது தாயின் கையெழுத்தைச் சொன்னது. ஆனால் இவற்றையெல்லாம்விட அதிகமாகப் பேசப்பட்டது அவருடைய முகமும் உடையும். போதிய அளவு அழுதாரா, அடக்கத்துக்கு என்ன உடுத்தினார், ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறார். 1985 ஜூலை 5ஆம் தேதி, பெற்ற மகனைக் கொன்றதாக நீதிபதி லம்பேர் அவர்மேல் குற்றம்சாட்டிச் சிறையில் அடைத்தார். ஆறு மாதத்துக்கும் மேலான கர்ப்பிணி. கணவரும் ஏற்கெனவே சிறையில். கிறிஸ்தீன் உண்ணாவிரதம் இருந்தார். பதினோரு நாள் கழித்து, ஜூலை 16ஆம் தேதி, மேல்நீதிமன்றம் அவரை வெளியே விட்டது.

மறுநாள் ஜூலை 17ஆம் தேதி, லிபெராசியோன் நாளிதழில் மார்கெரித் துராஸின் கட்டுரை வந்தது. கிறிஸ்தீனை உன்னதமானவள், உன்னதமாகத்தான் இருக்க முடியும் என்று போற்றும் தலைப்பு.

துராஸை நம்மில் பலருக்குத் தெரியும். சைகோனுக்கு அருகே பிறந்து, இந்தோசீனாவின் ஆற்றங்கரைகளில் வளர்ந்து, ஏழைத் தாயையும் பதினைந்து வயதுப் பெண்ணின் ஆசையையும் வேறு யாராலும் எழுத முடியாதபடி எழுதியவர். ‘காதலன்’ நாவலுக்கு கோன்கூர் பரிசு கிடைத்தது 1984 நவம்பரில், அதாவது வோழ் மலையில் லரோஷ் கைதாகி ஒரு வாரத்தில். புகழின் உச்சியில் இருந்தார். பிள்ளையைப் பறிகொடுப்பது என்னவென்று அறியாதவருமல்ல. 1942இல் அவருடைய முதல் குழந்தை பிறக்கும்போதே இறந்தது. லிபெராசியோன் கேட்டுக்கொண்டதன் பேரில் அவர் லெபான்ழுக்குப் போனார். கிறிஸ்தீன் அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். துராஸ் வீட்டை வெளியிலிருந்து பார்த்தார். அதைச் சுற்றிய வெறுமையைப் பார்த்தார், வாசல் சரளையைப் பார்த்தார், குன்றைப் பார்த்தார். திரும்பி வந்து எழுதினார். வீட்டைப் பார்த்த உடனேயே குற்றம் அங்கேதான் நடந்தது என்று தனக்குத் தெரிந்துவிட்டதாக.

அந்தக் கட்டுரையின் உள்ளோட்டம் கிறிஸ்தீனைத் தூற்றுவது அல்ல. அதனால்தான் அது அவ்வளவு பயங்கரமானது. தூற்றியவர்கள் நூறு பேர் இருந்தார்கள், அவர்களைத் தள்ளிவிடலாம். துராஸ் அவரைத் தழுவிக்கொள்கிறார். சரியாக வேகாத இறைச்சிக்காக அறை வாங்கும் மனைவி, கணவன் தேர்ந்த வீட்டில், கணவன் வகுத்த வாழ்க்கையில், விரும்பாமலே தாயானவள் என்று ஒரு பெண்ணைப் படைக்கிறார். ஆண்களின் சட்டத்துக்கு அடியில் தலைமுறை தலைமுறையாகப் புதைந்து கிடக்கும் பெண்ணின் இருட்டை அவள்மேல் ஏற்றுகிறார். அந்த இருட்டிலிருந்து வரும் செயலை யார் குற்றம் என்று சொல்ல முடியும் என்கிறார். கொன்றிருந்தாலும் அவள் குற்றவாளி அல்ல என்பதுதான் அவருடைய தீர்ப்பு. தூரத்திலிருந்து படித்தால் பெண்ணின் பக்கம் நிற்கும் எழுத்து போலவே தோன்றும். வாக்கியங்கள் அழகானவை. துராஸால் மோசமான வாக்கியம் எழுத முடியாது.

ஆனால் லெபான்ழில் இருந்த கிறிஸ்தீன் அந்தப் பெண் அல்ல. அவர் தன் கணவரை நேசித்தவர், தன் வீட்டை நேசித்தவர், பிள்ளை பிள்ளை என்று கதறியவர். செய்யாத குற்றத்துக்கு ஒரு மகத்தான எழுத்தாளரிடமிருந்து, நாட்டின் முக்கியமான இடதுசாரி நாளிதழில், முழு உலகின் முன்னிலையில் மன்னிப்பு பெற்றவர். பழியைவிடக் கொடுமையானது இது. பழி சொன்னால் இல்லை என்று மறுக்கலாம். மன்னிப்பை எப்படி மறுப்பது? நீ செய்தாய், ஆனால் உன்னைப் புரிந்துகொள்கிறேன் என்று ஒருவர் உருகிச் சொல்லும்போது, நான் செய்யவே இல்லை என்ற சொல் யார் காதிலும் ஏறாது. அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்தீன் வெளியே வந்திருந்தாரே தவிர, குற்றச்சாட்டு அப்படியே இருந்தது. ஒரு பெண்ணின் தலைவிதி எதிர்வரும் தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருந்த நாளில் இதை எழுதினார்கள், அச்சிட்டார்கள். ஆசிரியர் செர்ஜ் ழுலி, எழுத்தாளரின் எல்லைமீறல் உரிமையைப் பற்றிப் பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதினார்.

நம்மிடையே துராஸின் இந்தக் கட்டுரையை எழுத்தின் துணிச்சல் என்று இன்னமும் பாராட்டுகிறவர்கள் உண்டு. எழுத்து உண்மைக்கு மேலான இன்னொரு உண்மையைத் தொடும் என்பார்கள். நாவலில் தொடும். நாவலாசிரியர் ஒரு வீட்டைப் பார்த்ததும் அதற்குள் நடந்த கொலையை அறிகிறார் என்றால், அந்த வீடும் கொலையும் அவர் உண்டாக்கியவை, அறிவதற்கு அவருக்கு உரிமை உண்டு. லெபான்ழ் வீட்டில் இருந்தது நாலு வயதுப் பிள்ளையின் ஆடைகளும் விளையாட்டுச் சாமான்களும். அவை ஒரு தாய்க்குச் சொந்தமானவை. உள்ளே போகாமலே அறிந்துவிட்டேன் என்பது கற்பனையின் வெற்றி ஆகாது. சரளைக்கல்லைப் பார்த்துத் தாயன்பின் அளவைக் கணித்தவருக்கும் கண்ணீரின் அளவைப் பார்த்துக் கணித்த போலீசாருக்கும் முறையில் வித்தியாசமில்லை. இருவருமே சாட்சியம் இல்லாத இடத்தில் முகக்குறி பார்த்தார்கள்.

துராஸ்மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. குறைந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது. சாதாரண எழுத்தாளர் செய்திருந்தால் மறந்துவிட்டிருப்போம். நாம் நேசிக்கும் ஒருவர், பெண்களின் மௌனத்தைக் கேட்கத் தெரிந்த ஒருவர், நிஜத்தில் கதறிய ஒரு பெண்ணின் குரலைக் கேட்காமல் தன் நாவலின் பெண்ணைக் கேட்டார் என்பதுதான் துயரம்.

1986 டிசம்பரில் கிறிஸ்தீனைக் கொலை வழக்கில் விசாரணைக்கு அனுப்ப நான்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் தற்கொலைக்கு முயன்றார். 1987 மார்ச்சில் உச்ச மேல்முறையீட்டு மன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கைத் திழோன் நகரத்துக்கு மாற்றியது. அங்கே மொரிஸ் சிமோன் என்ற முதிய நீதிபதி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தக் கதையில் நான் தலைவணங்கும் மனிதர் அவர். சாட்சிகளை மறுபடி வரவழைத்தார். நேரங்களை மறுபடி அளந்தார். சம்பவ இடத்தில் நிகழ்வுகளை மறுபடி நடத்திப் பார்த்தார். யாருக்கும் செய்தி தரும் வேலை அல்ல இது, யாரும் தலைப்புச் செய்தி போட முடியாத வேலை. ஒரு தாய் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களுக்குள், பிள்ளையைக் கட்டி, ஆற்றுக்குக் கொண்டுபோய், திரும்பி வர முடியுமா என்ற கேள்விக்கு விடை வீட்டின் தோற்றத்தில் இல்லை, கடிகாரத்திலும் சாலையின் தூரத்திலும் இருந்தது. 1990இல் அவருக்கு மாரடைப்பு வந்து நினைவாற்றல் பாதிக்கப்பட்டது. வழக்கு வேறு கைக்குப் போனது. நாலு ஆண்டில் அவர் இறந்தார். அவர் தொடங்கிய வேலையின் பலன் 1993 பிப்ரவரி 3ஆம் தேதி வந்தது. கிறிஸ்தீன்மேல் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் அறவே இல்லை என்று திழோன் நீதிமன்றம் சொன்னது. போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே வழக்கம். இவருக்கு முழுமையாகச் சொன்னார்கள். துராஸின் கட்டுரை வெளிவந்து ஏழரை ஆண்டு ஆகியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் ழான்-மரிக்கு லரோஷைக் கொன்றதற்காக ஐந்து ஆண்டு சிறை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு. 2004இல் நீதித்துறையின் செயலிழப்புக்காக அந்தத் தம்பதிக்கு ஆளுக்கு 35,000 யூரோ கொடுக்கும்படி பாரிஸ் மேல்நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது.

எழுத்தாளர்கள் அதோடு விட்டார்களா? 2006இல் ஃபிலிப் பெஸ்ஸோன் என்பவர் அந்தக் கொலையை நாவலாக்கி, உயிரோடிருக்கும் தாயின் வாயில் தன் வார்த்தைகளை வைத்தார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2019இல் நெட்ஃபிளிக்ஸ் ஐந்து பகுதி ஆவணத் தொடராக எடுத்தது. இடையில், 2017 ஜூனில், மென்பொருள் கொண்டு பழைய கோப்புகளை அலசிய பிறகு, பிள்ளையின் தாத்தா தலைமுறையைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி கைதானார்கள். அன்று பதினைந்து வயதாயிருந்த அந்தப் பெண்மேலும் குற்றம் சாட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அந்தக் குற்றச்சாட்டுகள் மூன்றும் ரத்தாயின. காரணம், மறுபடியும் நடைமுறைத் தவறு. கைதுகள் நடந்து ஒரு மாதம் முடிவதற்குள், 2017 ஜூலை 11ஆம் தேதி, ஓய்வுபெற்ற நீதிபதி லம்பேர் தன் வீட்டில் தற்கொலை செய்துகொண்டார். லரோஷ் நிரபராதி என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். எல்லாப் பழியையும் தன்மேல் போடுவார்கள் என்று ஒரு பத்திரிகையாளருக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார். அவர் செய்த பிழைகளை மேலே சொன்னேன், ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் முதல் பணியிடத்தில், துணைக்கு ஆளில்லாத மேசையில், நாடு முழுக்கப் பார்க்கும் வழக்கைக் கொண்டுவந்து வைத்த அமைப்புக்கு இந்தச் சாவில் பங்கு உண்டு.

இதெல்லாம் எங்கோ பிரான்சில் என்று நாம் ஒதுங்க முடியாது. 2008இல் நொய்டாவில் பதினாலு வயதுகூட நிறையாத ஆருஷி தன் அறையில் கொல்லப்பட்டுக் கிடந்தாள். வீட்டு வேலைக்காரர்தான் கொன்றுவிட்டு ஓடிவிட்டார் என்று போலீஸ் தேடியது. மறுநாள் அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் அவரும் கொலையுண்டு கிடந்தார். முதல் நாளே பூட்டுப்போட்டு வைத்திருக்க வேண்டிய வீட்டில் ஊரே நடந்து திரிந்தது. பிறகு அந்தச் சிறுமியின் ஒழுக்கத்தைப் பற்றிக் காவல்துறை செய்தியாளர் கூட்டம் நடத்தியது. 2013இல் பெற்றோருக்கு ஆயுள்தண்டனை. 2017இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அங்கும் ஒரு தாயின் முகத்தில் போதிய கண்ணீர் இல்லை என்று நாடு முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டு வரவேற்பறைகளும் இருந்தன.

ஒரு பிள்ளை கொலையுண்டு, கொன்றவர் தெரியாமல் போகும்போது மனம் தாங்காது. ஏதோ ஒரு கதை வேண்டும் என்று கேட்கும். அந்தக் கேள்வியில் தவறில்லை. அதற்கு விடை கொடுக்க வேண்டியது முத்திரை வைத்த கயிறு, சரியாக எழுதிய உத்தரவு, முழுமையாக நடந்த பிரேதப் பரிசோதனை, இரவில் பாதுகாப்பாகத் தூங்கிய சாட்சி. இவை இல்லாதபோது எழுத்தாளரிடம் கேட்கிறார்கள். எழுத்தாளரும் தருகிறார், ஏனென்றால் அவரிடம் எப்போதும் கதை இருக்கிறது. தராமல் இருப்பதுதான் அங்கே எழுத்தாளரின் கடமை என்று நான் நம்புகிறேன். தெரியவில்லை என்பதைத் தாங்கிக்கொண்டு, அந்த இல்லாமையை அப்படியே எழுதத் தெரிந்தவர் லக்கூர். துராஸின் பத்தில் ஒரு பங்கு புகழும் அவருக்குக் கிடைக்கவில்லை.

கிரெகொரியைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. நாலு வயதுப் பிள்ளையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள் போலும். சுருள்முடி, அகன்ற கண்கள், ஒரே ஒரு புகைப்படம். அந்தப் படம் ஆயிரம் முறை அச்சானது, பெரும்பாலும் வேறு யாரையோ பற்றிய கட்டுரைகளின் தலைமாட்டில்.

வழக்கு இன்னும் திழோனில் திறந்தே இருக்கிறது. பழைய கயிறுகளிலும் துணிகளிலும் கடித உறைகளிலும் மரபணுச் சோதனைகள் பலமுறை நடந்துவிட்டன. கிரெகொரியைக் கொன்றதாக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இந்த விவகாரம் முழுவதிலும் கொலைக்காகத் தண்டனை பெற்ற ஒரே ஆள் அவனுடைய அப்பா.